கரும்புக்கு விதை உண்டா?

வீரபாண்டியை ஒட்டி ஓடும் முல்லைப் பெரியாற்றின் நீரில் கரும்பு பயிரிடும் உழவர் எவரும் விதையைத் தேடிச் செல்வதில்லை. விளைந்த கரும்பைக் கரணைகளாக வெட்டிப் பதிக்கின்றனர். கணுவிலுள்ள பரு முளைக்கிறது. முளைப்பது புதிய பயிர் அன்று, தாய்க் கரும்பேதான். அதன் இனிப்பு மாறாமல் வரும். அதன் குறையும் மாறாமல் வரும்.

ஆனால் கரும்புக்கு விதையும் உண்டு. 1880-களின் இறுதியில் சாவகத் தீவிலும் பார்படோசிலும் ஆராய்ந்தோர் அது முளைக்கும் என்பதை உறுதி செய்தனர். வெண்பஞ்சு போன்ற பூங்கதிரில், எள்ளினும் சிறிதாய் அது ஒளிந்திருக்கும். ஒரே கதிரின் விதைகளை ஊன்றினாலும் ஒரு நாற்றுப்போல் மற்றொன்று இராது. உழவருக்கு இது தொல்லை. புதிய இனம் தேடுவோருக்கோ இதுவே செல்வம்.

வட இந்தியாவில் கரும்பு எளிதில் பூத்து விதை தருவதில்லை, கோயம்புத்தூரில் தரும். ஆகவே 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அங்கே அமைந்தது. பார்பர் என்பாரும், அவருக்குப் பின் அதனை நடத்திய தி. சா. வெங்கடராமனும், 'வெள்ளை' என்னும் பருத்த கரும்பைப் பேய்க்கரும்போடு கலந்தனர். பேய்க்கரும்பு நாணல்போல் மெலிந்தது, இனிப்புக்கு உதவாதது. அதனைத் தந்தையாகக் கொள்ளத் தனித் துணிவு வேண்டும்! ஆயினும் வறட்சியையும் குளிரையும் தாங்கும் வன்மை அதனிடமே இருந்தது. அக்கலப்பில் பிறந்த 'கோ 205', 1918-இல் வட இந்திய வயல்களுக்குச் சென்றது. 'கோ' என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து.

கலக்கும் முறை இதுதான்: தாய்க் கதிரைத் துணிக்கூண்டால் மூடி அயல் மகரந்தத்தைத் தடுப்பர்; தந்தைக் கதிரின் மகரந்தத்தை மட்டும் அதன்மேல் படச் செய்வர். முதிர்ந்த பஞ்சை விதைகளுடனேயே ஈரமண் தட்டில் பரப்புவர். விதை நெடுநாள் உயிர் தாங்காது, தாமதித்தால் வீண். பல்லாயிரம் நாற்றுகளைச் சோதித்து ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். தேர்ந்தது கிடைத்தபின் மீண்டும் கரணைதான்.

இத்தனை உழைப்பு ஒருமுறையோடு முடிவதில்லை. 2009-இல் வெளிவந்த 'கோ 0238' உத்தரப் பிரதேச வயல்களில் பெரும்பகுதியை நிறைத்தது. எல்லாம் ஒரே செடியின் துண்டுகளல்லவா? செவ்வழுகல் நோய் ஒன்றை வென்றதும் எல்லாவற்றையும் வென்றது. தமிழ்நாட்டிலும் 'கோ 86032' நெடுங்காலம் அவ்வாறே பரவி நிற்கிறது. அதற்கு மாற்றாகும் கரும்பு கரணையிலிருந்து பிறக்காது. கோவையில் பூக்கும் ஏதேனும் ஒரு கதிரின் பஞ்சிலிருந்துதான் பிறக்கவேண்டும்.