லாரிக்கும் ஒரு திண்ணை வேண்டும்!



நான் காட்டேரிக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வரும் மாணவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பா லாரி டிரைவர். சேதராப்பட்டு பக்கம் லோடு ஏற்றி இறக்கிவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டியை எங்கள் தெருவிலேயே போடுவார். கூடவே இன்னும் மூன்று லாரிகள் நிற்கும். சின்ன வயதில் எனக்கு அது பெரிய பெருமை. "எங்கப்பா வண்டி" என்று டயரைத் தட்டிக்கொண்டு நிற்பேன்.

போன மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் அந்தப் பெருமை போய்விட்டது. எதிர்வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி. வந்த ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பக்கமும் லாரி. அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, கொட்டுகிற மழையில் நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் மறுநாள் அக்காவின் மாமியார் எங்கள் வாசலில் வந்து நின்று, "உம்புள்ள இஞ்சினீருக்குப் படிக்குதே, இதுக்கு ஒரு வழி சொல்லச் சொல்லு" என்றார். அப்பா தலைகுனிந்து நின்றார். அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்தான் இந்தக் கட்டுரை.

டேப் பிடித்தோம்

முதலில் நண்பர்கள் இருவரோடு தெருவை அளந்தேன். வாய்க்காலுக்கு வாய்க்கால் ஐந்தரை மீட்டர். ஒரு லாரியின் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். ஒரு லாரி நின்றால் மீதி மூன்று மீட்டர். ஆம்புலன்ஸ் தாராளமாகப் போகும். எதிரெதிராக இரண்டு நின்றால் மீதி அரை மீட்டர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான்! ஆக, லாரி நின்றது மட்டும் தப்பில்லை. நின்ற விதமும் தப்பு.

அடுத்தது விடியற்காலைச் சத்தம். "வேணும்னே உறுமறாங்க" என்று தெருவில் திட்டுவார்கள். மெக்கானிக்கல் நண்பர்களுக்குக் காரணம் தெரியும். ஏர் பிரேக் வண்டியில் பார்க்கிங் பிரேக்கைப் பிடித்திருப்பது ஸ்பிரிங். அதை விடுவிப்பது காற்று. ராத்திரி முழுக்கக் காற்று கசிந்து இறங்கியிருந்தால், எஞ்சினை ஓட்டி அழுத்தம் ஏற்றும்வரை வண்டி நகராது. தெருவே விழித்துக்கொள்கிறது.

மூன்றாவது, ரோடு. இரண்டு அச்சு லாரியின் பின் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த அனுமதி 2018-இல் 11.5 டன் ஆனது. நாம் சாலை வடிவமைப்பில் படிக்கும் நிலையான அச்சு எடை 8.16 டன். சேதம் எடையின் நான்காம் அடுக்கில் ஏறும் என்ற விதிப்படி கணக்குப் போட்டால், அந்த ஒரு அச்சு நிலையான அச்சைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு சேதம் செய்யும். லோடோடு ஒரே இடத்தில் நின்றால், சூட்டில் இளகிய தார் மெல்ல அமுங்கிப் பள்ளமாகும். சொட்டுகிற டீசல் தாரைக் கரைக்கும். வாய்க்கால் மூடியின் மேல் சக்கரம் ஏறினால் கேட்கவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவுப்படி, ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும்படி பொது இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. 127-ஆம் பிரிவுப்படி, பத்து மணி நேரம் ஆளில்லாமல் நிற்கும் வண்டியையும், தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியையும் சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி இழுத்துப் போகச் சொல்லலாம். எங்கள் லாரிகள் நிற்பது ஒன்பதிலிருந்து ஐந்து வரை, எட்டே மணி நேரம்! அதனால் அந்தப் பத்து மணி நேர விதி எங்கள் தெருவுக்கு உதவாது.

ஆனால் 117-ஆம் பிரிவை யாரும் பேசுவதில்லை. உள்ளாட்சியைக் கலந்துகொண்டு, வண்டிகள் நிற்க வேண்டிய இடங்களை அரசு குறித்துத் தரலாம் என்கிறது அது. 'நிற்காதே' என்று சொல்லும் அதே சட்டத்தில் 'இங்கே நில்' என்று சொல்லவும் வழி இருக்கிறது.

அப்பா தரப்பு

"ஊருக்கு வெளிய போட்டா இன்னாப்பா?" என்று கேட்டேன். அப்பா விரல் விட்டு எண்ணினார். "பேட்டரி போவும், டீசல் போவும், ஸ்டெப்னி போவும், தார்ப்பாய் போவும். ஓனர் என் பேட்டாவுல கழிப்பாரு. நீ பீஸ் கட்டுவியா?" எனக்குப் பதில் வரவில்லை.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லாரி முனையம் இருக்கிறது. அங்கே போட்டுவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் ஊருக்கு எந்த பஸ்ஸில் வருவது? டிரைவர் இரவு தங்கும் இடத்தில் ஓய்வறை வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்தது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. இரண்டு லாரி வைத்திருக்கும் முதலாளியின் டிரைவருக்கு அதில் இடமில்லை.

மற்ற ஊர்களில்

சென்னையில் ஜார்ஜ் டவுன் சந்துகளை லாரிகள் அடைத்துக்கொண்டதால், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மாதவரத்தில் லாரி முனையம் அமைத்தது. கொத்தவால் சாவடி மார்க்கெட் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனபோது, அதன் லாரிகளும் கூடவே போயின. சரக்கு போகும் இடத்துக்கு லாரி போகும் என்பது இதில் பாடம். சிங்கப்பூரில் கனரக வண்டி வைத்திருப்பவர், அதை நிறுத்த இடம் இருப்பதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். அங்கே இடத்துக்குப் பொறுப்பு டிரைவர் அல்ல, முதலாளி.

அமெரிக்காவில் 2009-இல் ஜேசன் ரிவன்பர்க் என்ற டிரைவர், நிறுத்த இடமில்லாமல் மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில் லாரியைப் போட்டிருந்தபோது, கொள்ளையனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவி விடாமல் போராடியதால், 2012-இல் லாரி நிறுத்துமிடங்களுக்கு வழிசெய்யும் சட்டம் அவர் பெயரால் வந்தது. அப்பாவின் பயம் வெறும் சாக்கு அல்ல என்று அதைப் படித்தபோதுதான் உறைத்தது.

எங்கள் வழி

தெருவின் வரைபடத்தையும் அளவுகளையும் சேர்த்து, கொம்யூன் பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதினோம். ஊரை ஒட்டி நடந்து போகும் தூரத்தில் ஒரு புறம்போக்கு நிலம், கிராவல் கொட்டிக் கெட்டிப்படுத்திய தரை, இரண்டு விளக்கு, ஒரு குழாய், ஒரு கழிப்பறை, ஒரு வாட்ச்மேன். வாட்ச்மேன் சம்பளத்தை லாரி முதலாளிகள் பகிர்ந்துகொள்ளலாம். அது வந்த பிறகு தெருவில் தடைப் பலகை வைக்கட்டும், அபராதமும் போடட்டும். இடம் காட்டாமல் விரட்டினால், எங்கள் தெரு லாரி அடுத்த தெருவுக்குப் போகும். அங்கேயும் ஒரு அக்கா இருப்பாள்.

இதை எழுதும்வரை பதில் வரவில்லை. அதுவரை எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம்: லாரி ஒரு பக்கம் மட்டும்தான் நிற்கும், தெருமுனை காலியாக இருக்கும், டிரைவரின் போன் நம்பர் வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். முதல் நம்பரை ஒட்டியவர் என் அப்பா.

அந்தக் காலத்தில் வழிப்போக்கன் தூங்குவதற்கென்றே வீட்டு வாசலில் திண்ணை கட்டினார்கள். ஊருக்கெல்லாம் அரிசியும் சிமெண்டும் சுமந்து வருகிறவனுக்கு, ஊர் ஒரு திண்ணை கட்டித் தரக் கூடாதா?

நண்பர்களே, உங்கள் தெருவிலும் லாரி நிற்கிறதா? கல்லை எடுக்காதீர்கள். டேப்பை எடுங்கள்!

— இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்