உப்பு செஞ்ச பள்ளம்!

கல்லுக்கு அடியில உப்பு நகருமா பாஸ்? அமெரிக்காவின் யூட்டா மாநிலம், மோவாப் ஊர்ப் பக்கம் போய்ப் பாருங்க. கொலராடோ ஆற்றை ஒட்டியே வளைஞ்சு போகுது 128-ம் நம்பர் ரோடு. பக்கத்துல செக்கச்செவேல்னு செங்குத்தா நிக்கிறது விங்கேட் மணற்கல். சுமார் 20 கோடி வருஷத்துக்கு முந்தி பாலைவனக் காற்று குவிச்ச மணல்!

அதுக்கும் ரொம்பக் கீழே, 30 கோடி வருஷ உப்பு. கடல்தண்ணி திரும்பத் திரும்ப வத்தி மிஞ்சினது. மேலே பாறை அழுத்த அழுத்த, பேஸ்ட் மாதிரி பிதுங்கி எழும்பிடுச்சு. அப்புறம் விரிசல் வழியா தண்ணி இறங்கி உப்பைக் கரைக்க, மேல்பாறை அப்படியே உட்கார்ந்துடுச்சு. அதுதான் காஸில் பள்ளத்தாக்கு.

சிவில் பசங்களுக்கு ஒரு சோகம்... இதே ரோட்டுல 1916-ல் கட்டின ட்யூயி தொங்குபாலம், 2008-ல் ஒரு சிறுவனின் தீக்குச்சி விளையாட்டில் எரிஞ்சுபோச்சு. மரப்பலகை மொத்தமும் காலி. மிஞ்சினது கம்பிகள்தான்!