நாள் தெரியாத காத்திருப்பு



பிழைப்பைத் தேடிப் பெருநகரங்களுக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில் அநேகம் இன்று ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கின்றன. ஒப்பந்த வேலை அடுத்த மாதமும் நீடிக்குமா என்று ஒருவர் காத்திருக்கிறார். குடியிருக்கும் பகுதியை இடித்துக் கட்டும்போது தமக்கும் ஒரு வீடு ஒதுக்கப்படுமா என்று வேறொரு குடும்பம் காத்திருக்கிறது. மருத்துவப் பரிசோதனையின் முடிவுக்காக ஒரு தாய் காத்திருக்கிறாள். இவர்களைக் கேட்டுப்பார்த்தால், கஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம், அது எப்போது முடியும் என்று தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை என்பார்கள்.

முடிவு நாள் தெரியாத காத்திருப்பில் மனம் மடிந்துபோகாமல் இருப்பது எப்படி? நூறு ஆண்டுகளுக்கு முன், உலகத்தின் தென்கோடியில் 28 மனிதர் இந்தக் கேள்வியோடு இரண்டு குளிர்காலங்களைக் கழித்தார்கள். அவர்களுடைய சரித்திரம் நமக்குப் பயன்படும்.

பனியில் நொறுங்கிய கப்பல்

எர்னஸ்ட் ஷாக்கிள்டன் என்பவர் அண்டார்டிகா கண்டத்தைக் கால்நடையாகக் கடக்கும் நோக்கத்தோடு 'என்டியூரன்ஸ்' என்னும் கப்பலில் புறப்பட்டார். 1914 டிசம்பர் 5 அன்று தென் ஜார்ஜியா தீவை விட்டுச் சென்ற அக்கப்பல், 1915 ஜனவரியில் உறைபனியில் சிக்கிக்கொண்டது. அக்டோபர் மாதத்தில் பனியின் அழுத்தத்தால் உடைந்து, நவம்பர் 21 அன்று மூழ்கியது. அன்றைக்கு உதவி கேட்டுச் செய்தி அனுப்ப அவர்களிடம் வழி இல்லை. மிதக்கும் பனிப்பாறைகளின்மேல் மாதக்கணக்கில் கூடாரமிட்டுத் தங்கியபின், மூன்று சிறு படகுகளில் ஏறி, 1916 ஏப்ரல் 15 அன்று எலிஃபன்ட் தீவு என்னும் வெறும் பாறையும் பனியுமான கரையை அடைந்தார்கள்.

அந்த வழியே கப்பல் எதுவும் வருவதில்லை. ஆகவே ஷாக்கிள்டன் ஐந்து பேரை அழைத்துக்கொண்டு, ஒரு படகில் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தென் ஜார்ஜியாவுக்கு உதவி தேடிச் சென்றார். மீதியான 22 பேர், கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளின் அடியில் குடியிருந்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக விடப்பட்டவர் பிராங்க் வைல்ட்.

தேதி சொல்லாத நம்பிக்கை

போனவர்கள் கரை சேர்ந்தார்களா, கடலில் மாண்டார்களா என்று வைல்டுக்குத் தெரியாது. ஆயினும் கடலில் பனி விலகியிருந்த காலைகளிலெல்லாம் அவர் தம் ஆட்களை எழுப்பி, படுக்கைகளைச் சுருட்டிக் கட்டி வைக்கச் சொல்வார். தலைவர் இன்றைக்கு வரலாம் என்பார். நான்கு மாதங்களுக்கு மேலாக இந்த வழக்கம் நீடித்தது.

அவர் சொன்னதைக் கவனியுங்கள். இன்ன தேதியில் வருவார் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. வரவே மாட்டார் என்று கைவிடவும் இல்லை. 'இன்றைக்கு வரலாம்' என்றார். அப்படி வந்தால் உடனே புறப்படுவதற்கு வேண்டிய வேலையை அவர்கள் கையில் கொடுத்தார். கர்த்தருடைய வருகைக்காகக் காத்திருக்கும் நமக்கு இப்படிப்பட்ட காத்திருப்பு புதிதல்லவே.

தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு இருப்பதன் ஆபத்தை நாம் 2020-ஆம் ஆண்டில் கண்கூடாகக் கண்டோம். மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது 21 நாட்கள் என்றார்கள். ஏப்ரல் 14-ஐ எண்ணிக்கொண்டு, காற்றோட்டமில்லாத ஒற்றை அறைகளில் நம் ஜனங்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்தத் தேதி மே 3 ஆயிற்று. பிறகு மே 17 ஆயிற்று. பிறகு மே 31 ஆயிற்று. தேதியின்மேல் முழு நம்பிக்கையையும் வைத்தவர்களுக்கு ஒவ்வொரு நீட்டிப்பும் ஒரு புதிய அடியாக இருந்தது. நாளை எண்ணாமல் அன்றன்றைய காரியத்தைப் பார்த்தவர்களுக்கும் பசி இருந்தது, பயம் இருந்தது. ஆனால் மனம் மூன்று முறை உடைய வேண்டியிருக்கவில்லை.

பாட்டும் ஆகாரமும்

கப்பலைக் கைவிட்டபோது ஒவ்வொருவரும் தம் சொந்தப் பொருட்களில் இரண்டு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 900 கிராம் மட்டுமே எடுத்து வரலாம் என்று ஷாக்கிள்டன் கட்டளையிட்டார். தம்மிடமிருந்த பொற்காசுகளைப் பனியில் எறிந்து அவரே முன்மாதிரி காட்டினார். ஆனால் லியோனார்ட் ஹஸ்ஸி என்பவருடைய பாஞ்சோ என்னும் நரம்பு வாத்தியத்தை மட்டும் விட்டுவிட அவர் சம்மதிக்கவில்லை. அது மனதிற்கு மருந்து என்று எண்ணினார். எலிஃபன்ட் தீவில் சனிக்கிழமை இரவுகளில் அந்த வாத்தியம் ஒலித்தது. கடல்நாயின் கொழுப்பு எரியும் புகைக்கு நடுவே 22 பேரும் பாடினார்கள். பொன் பயன்படாத இடத்தில் பாட்டு பயன்பட்டது.

அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்திலும் இதற்கு ஒப்பான ஒரு காட்சியைக் காண்கிறோம். ரோமாபுரிக்குச் செல்லும் கப்பல் பெருங்காற்றில் அகப்பட்டு, அநேக நாட்களாகச் சூரியனும் நட்சத்திரங்களும் காணப்படவில்லை. கப்பலில் 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்ற தேவவாக்கு பவுலுக்கு இருந்தது. ஆயினும் அவர் வாக்கை மட்டும் சொல்லிவிட்டு நிற்கவில்லை. பதினாலாம் நாளில் எல்லோரையும் சாப்பிடும்படி வேண்டிக்கொண்டார். தாமே அப்பத்தை எடுத்து, எல்லோர் முன்பாகவும் ஸ்தோத்திரம் செலுத்தி, புசிக்கத் தொடங்கினார். அதைக் கண்டு மற்றவர்களும் திடமனப்பட்டுப் புசித்தார்கள். விசுவாசமுள்ளவன் பசியைப் பொருட்படுத்தக் கூடாது என்று பவுல் போதிக்கவில்லை என்பதை மறவாதிருப்போம்.

முறுமுறுப்பவர் அருகில்

கூட்டத்தில் ஒருவருடைய கசப்பு மற்றவர்களுக்கும் பரவும் என்பதை ஷாக்கிள்டன் அறிந்திருந்தார். எளிதில் மனம் கசந்துவிடக் கூடியவர்களை அவர் ஒதுக்கித் தள்ளாமல் தம்மோடேயே வைத்துக்கொண்டார். உதவி தேடிச் சென்ற சிறு படகிலும், தம்மோடு வாதாடிய தச்சனையே அழைத்துச் சென்றார். அந்தத் தச்சனுடைய கைத்திறனால் பலப்படுத்தப்பட்ட படகுதான் அவர்களைக் கரை சேர்த்தது.

படுக்கைகளைச் சுருட்டியது வீண்போகவில்லை. பனி தடுத்ததால் மூன்று முறை திரும்பிச் சென்ற ஷாக்கிள்டன், நான்காம் முறையாக, லூயிஸ் பார்டோ என்னும் சிலி நாட்டு மாலுமி செலுத்திய சிறு கப்பலில் 1916 ஆகஸ்ட் 30 அன்று வந்து சேர்ந்தார். பனி எந்நேரமும் மறுபடி மூடக்கூடிய நிலை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் 22 பேரும் கப்பலில் ஏறிவிட்டார்கள். 'என்டியூரன்ஸ்' கப்பலில் சென்ற 28 பேரில் ஒருவரும் மாளவில்லை.

நம் இல்லங்களில்

வேலை போன செய்தியை மறைத்து, தினமும் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளியே சென்று பூங்காவில் பொழுதைக் கழித்துத் திரும்பும் தகப்பன்மார் நம் நகரங்களில் உண்டு. அந்தப் பாரத்தைத் தனியே சுமக்க வேண்டாம். மனைவியிடமும் விவரம் தெரிந்த பிள்ளைகளிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கையில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை மாதம் வரும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். "அடுத்த மாதம் எல்லாம் சரியாகிவிடும்" என்று பிள்ளைகளுக்குத் தேதி குறித்துக் கொடுக்காதிருங்கள். "நமக்கு வழி திறக்கலாம், அதுவரை இப்படி நடப்போம்" என்று சொல்லுங்கள்.

வேலை இல்லாத நாளிலும் வழக்கமான நேரத்தில் எழுந்து, குளித்து, உடுத்துங்கள். விண்ணப்பங்களையும் சான்றிதழ்களையும் ஒரு பையில் ஆயத்தமாக வையுங்கள். அழைப்பு வந்தால் அந்த மணி நேரத்திலேயே புறப்பட முடியட்டும். எளிய கஞ்சியானாலும் இரவில் எல்லோரும் சேர்ந்து அமர்ந்து சாப்பிடுங்கள். குடும்ப ஜெபத்தில் பாட்டைக் குறைத்துவிடாதிருங்கள். வீட்டில் சிறியவருக்கும் முதியவருக்கும் ஆளுக்கொரு வேலை கொடுங்கள். முறுமுறுக்கிறவரைக் கண்டித்து விரட்டாமல் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

தூக்கமும் பசியும் பல நாட்களாக அற்றுப்போய், உயிரோடிருந்து என்ன பயன் என்னும் எண்ணம் தலைகாட்டினால், அதை அவிசுவாசம் என்று எண்ணி மறைக்க வேண்டாம். அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சபை மூப்பரிடமும் சொல்லுங்கள், இரண்டும் செய்யலாம்.

பிரியமானவர்களே, நம் காத்திருப்பு முடியும் நாளை நாம் அறியோம். நாளைக் காலையில் எழுந்தவுடன் செய்ய வேண்டியது எதுவென்று அறிவோம். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, அன்றைய நாளைத் தொடங்குவோம்.