டி.எஸ்.பி. அரியரும் ஒரு பிடிக்காத சீட்டுக்கட்டும்!

முதல்லயே ஒரு டீல். இது ராசிபலன் மேட்டர் இல்லை. 'இந்த வாரம் கேம்பஸ் இன்டர்வியூவில் கலக்குவீர்கள்' என்று யாராவது சீட்டு எடுத்துச் சொன்னால், கிளிக்கு ஒரு நெல் கூடப் போடச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிற ஆள் நான். படிப்பது இ.சி.இ., தேர்ட் இயர். அப்படிப்பட்ட நான் ஒரு சீட்டைப் பார்த்துக் கண் கலங்கினேன் என்றால் என் ரூம்மேட் இன்னமும் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நீங்க முழுசா படிச்சுட்டு சிரிங்க!

எங்க சீனியர் அக்கா ஒருத்தர் ஹாஸ்டலுக்கு வெளியே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். சிலர் ஸ்டாம்ப் சேர்ப்பாங்க, சிலர் காயின் சேர்ப்பாங்க. அக்கா சேர்ப்பது டாரட் சீட்டுக்கட்டு. புக் ஷெல்ஃபில் ஆறு டப்பா வரிசையாக நிற்கும்.

டாரட் தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி டியூஷன். மொத்தம் 78 சீட்டு. அதில் 22 சீட்டு பெரிய படங்கள்: சூரியன், நிலா, தூக்கில் தலைகீழாகத் தொங்குகிறவன், மரணம் இப்படி. மிச்சம் 56 நம்ம ரம்மி சீட்டு மாதிரி நாலு குடும்பம்: கோப்பை, வாள், கோல், காசு. குடும்பத்துக்கு 14. அவ்வளவுதான், டியூஷன் ஓவர்!

அழகான சீட்டு!

ஃபிப்ரவரியில் ரிசல்ட் வந்தது. தியரி, லேப் சேர்த்து ஏழு. டி.எஸ்.பி.யில் அவுட். (போலீஸ் டி.எஸ்.பி. இல்லீங்க... டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்!) என் வாழ்க்கையின் முதல் அரியர். வீட்டில் கேட்டதுக்கு, 'இன்னும் ரிசல்ட் போடலைப்பா' என்று கூசாமல் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் அக்கா ரூமில் பொழுது போகாமல் ஷெல்ஃபைக் குடைந்தபோது, ஆறில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். மஞ்சள் வானம், பூந்தோட்டம், ஒவ்வொரு சீட்டிலும் ஒரு குட்டிக் கதை. 1909-ல் லண்டனில் ரைடர் கம்பெனி போட்ட கட்டு. ஐடியா ஆர்தர் எட்வர்ட் வெய்ட் என்பவருடையது. படம் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். பெரிய வேலைக்கு ரொம்பக் கம்மியான பணம் என்று ஒரு நண்பருக்கு அதே வருஷம் கடிதம் எழுதியிருக்கிறார், பாவம். இன்றைக்கு உலகம் முழுக்க டாரட் என்றதும் ஞாபகம் வருவது அவர் போட்ட படங்கள்தான்.

'வீட்ல எப்போ சொல்றது?' என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு சும்மா ஒன்று எடுத்தேன். காசு ஏழு. ஒரு இளவட்ட விவசாயி மண்வெட்டியில் சாய்ந்து நின்று செடியைப் பார்க்கிறான். செடியில் காய்க்குப் பதிலாகக் காசு காய்த்திருக்கிறது. 'ஆஹா, வெயிட் பண்ணச் சொல்லுது. பயிர் வளரட்டும்!' என்று நானே பொழிப்புரை போட்டுக்கொண்டேன்.

வெயிட் பண்ணினேன், மூணு வாரம்! அதற்குள் அரியர் எக்ஸாமுக்கு ஃபீஸ் கட்டும் கடைசித் தேதி பக்கத்தில் வந்துவிட்டது. அப்பா தினமும் ராத்திரி எட்டரைக்குப் போன் பண்ணுவார். எட்டு இருபதுக்கே எனக்கு வயிறு பிசைய ஆரம்பிக்கும்.

பேரே 'தோத்'!

மறுபடி அக்கா ரூம். இந்தத் தடவை அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அக்கா அட்வைஸ் பண்ணவில்லை. 'அதே சீட்டு மத்த கட்டுல எப்படி இருக்குன்னு பாரேன்' என்றார். லேபில் ஒரே சிக்னலை வேற வேற ஃபில்டரில் விட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி!

முதலில் வந்தது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத கட்டு. இருட்டு, கூர்மை, கோணல் கோணலான கோடுகள். பேர் வேறு 'தோத்'. எகிப்தின் அறிவுக் கடவுள் பேராம். எனக்கென்னவோ தோத்துப் போனவங்களுக்கு என்றே வைத்த பேர் மாதிரி இருந்தது. இதைத் திட்டமிட்ட அலிஸ்டர் க்ரோலி, 1920-களில் லண்டன் பத்திரிகைகள் வறுத்தெடுத்த ஆசாமி. அதனாலேயே அந்த டப்பாவை நான் தொட்டதில்லை.

காசு ஏழைத் தேடி எடுத்தேன். விவசாயியும் இல்லை, மஞ்சள் வானமும் இல்லை. கெட்டுப்போன இலைகள், ஈயத்தில் வார்த்த மாதிரி செத்த காசுகள். அதில் ரிஷபம், சனி இரண்டின் குறியும் இருக்கிறது. ரிஷபத்தில் சனி... லண்டன் போனாலும் நம்மை விடமாட்டேங்கிறாரே! கீழே ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை: 'ஃபெயிலியர்'.

சிரிப்பு நின்றுவிட்டது. மூணு வாரமாக நான் 'ஒரு பேப்பர் போச்சு', 'கொஞ்சம் சொதப்பிட்டேன்', 'கரெக்‌ஷன் ஸ்ட்ரிக்ட்' என்று என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையை மட்டும் சொன்னதில்லை. அதை ஒரு சீட்டு அச்சடித்து வைத்திருந்தது. கண்ணில் தண்ணி வந்தது அப்போதுதான்.

வரைந்தவர் யார் என்று தேடினேன். ஃப்ரீடா ஹாரிஸ். கணவர் பிரிட்டிஷ் எம்.பி. 1938-ல் வரைய ஆரம்பித்தவர் முடித்தபோது 1943. அறுபது வயசுக்கு மேல் உட்கார்ந்து, சில படங்களை மறுபடி மறுபடி வரைந்து, ஐந்து வருஷம்! எனக்கு ஆச்சரியம் அந்தக் கோணல் கோடுகளில் இருந்தது. அவர் ப்ரொஜெக்டிவ் ஜியோமெட்ரியை முறையாகக் கற்றுக்கொண்டு வரைந்திருக்கிறார். இணைகோடுகள் முடிவிலியில் போய்ச் சந்திக்கும் என்கிற கணக்கு. ஃபர்ஸ்ட் இயரில் மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தவங்களுக்குப் பெர்ஸ்பெக்டிவ் ப்ரொஜெக்‌ஷன் மறக்குமா? ராத்திரி முழுக்க அழித்து அழித்துப் போட்ட ஷீட் எல்லாம் கண் முன்னால் வந்தது. அசிங்கம் என்று நான் ஒதுக்கிய கட்டு, எனக்குத் தெரிந்த ஒரே ஓவிய பாஷையில் வரைந்ததாக இருக்கிறது!

இன்னொரு விஷயம். க்ரோலி 1947-ல் இறந்துவிட்டார். ஹாரிஸ் கடைசிக் காலத்தில் இந்தியாவுக்கு வந்து 1962-ல் ஸ்ரீநகரில் இறந்தார். அந்தப் படங்கள் சீட்டுக்கட்டாக வெளிவந்தது 1969-ல்தான். 'ஃபெயிலியர்' என்று எழுதிய சீட்டை வரைந்தவர், அது கட்டாக வந்ததைப் பார்க்கவே இல்லை. நமக்கு ஒரு பேப்பர் போனதுக்கே உலகம் இருண்டுவிடுகிறது.

மொக்கைச் சீட்டு!

அடுத்தது மார்செய் டாரட். பிரான்ஸின் துறைமுக ஊர் மார்செய். அங்கே நிக்கோலா கோன்வேர் 1760-ல் போட்ட கட்டு இந்த ரகத்தில் பிரபலம். மரத்தில் செதுக்கி அச்சடித்து, ஸ்டென்சில் வைத்துக் கலர் பூசுவார்களாம். பெரிய படங்களில் 13-வது சீட்டு மரணம். அதற்குப் பெயரே எழுதாமல் விட்டிருப்பார்கள். காசு ஏழில்? ஏழு வட்டம், நடுவே கொஞ்சம் கொடி. கதை இல்லை, வார்த்தை இல்லை. செம மொக்கை!

ஏன் இப்படி என்றால், டாரட் பிறந்தபோது அது வெறும் சீட்டாட்டம். 15-ம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஆடியது. ஏழு என்று எண்ணத் தெரிந்தால் போதும், படம் எதுக்கு? 1781-ல்தான் பிரான்ஸில் கூர் த ஜெப்லான் என்பவர், இதில் எகிப்து ரகசியம் ஒளிந்திருக்கிறது என்று எழுதினார். எகிப்தின் சித்திர எழுத்தை ஷாம்போலியோன் படித்துச் சொன்னது 1822-ல். அதாவது, ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாத காலத்திலேயே ரகசியம் கண்டுபிடித்த மகான்! பிரான்ஸில் இன்னமும் டாரட்டை வைத்து ஜாலியாகச் சீட்டாடுகிறார்கள்.

'என்ன தெரியுது?' என்றார் அக்கா. 'ஏழு வட்டம்.' 'அவ்ளோதானா?' வேறு வழியில்லாமல் எண்ணினேன். எண்ணும்போதுதான் உறைத்தது. ஏழு ரிசல்ட். ஆறு பாஸ். ஒண்ணு போச்சு. என் பிரச்னையின் முழு சைஸே இவ்வளவுதான்!

திரும்ப அந்த அழகான கட்டை எடுத்துப் பார்த்தேன். செடியில் ஆறு காசுதான் இருந்தது. ஏழாவது, அவன் காலடியில் தரையில் கிடந்தது. முதல் நாளே அது அங்கேதான் கிடந்தது. எனக்குப் பிடித்த கட்டு என்பதால் எனக்குப் பிடித்ததை மட்டும் பார்த்திருக்கிறேன்.

எட்டரை மணி போன்!

அன்றைக்கு எட்டரை வரை காத்திருக்கவில்லை. நானே போன் பண்ணினேன்.

'அப்பா, ரிசல்ட் மூணு வாரம் முன்னாடியே வந்துடுச்சு. டி.எஸ்.பி.ல ஃபெயில். பொய் சொல்லிட்டேன்.'

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 'எத்தனை மார்க்ல?'

'பதினொண்ணு.'

'சரி. ஃபீஸ் எவ்வளவு, என்னிக்குக் கட்டணும்?'

சினிமா மாதிரி 'பரவாயில்லம்மா' எல்லாம் இல்லை. அன்றைக்கு அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்று அம்மா அப்புறம் சொன்னாங்க. ஃபெயிலானதுக்கு இல்லையாம், மூணு வாரம் தினமும் போனில் ஏமாந்ததுக்கு. அது இன்னமும் வலிக்கிறது. மறுநாள் காலையில் பணம் வந்துவிட்டது.

நீங்களும் ட்ரை பண்ணலாம்!

சீட்டு எதிர்காலம் சொல்லும் என்று நம்பிக் காசைத் தொலைக்காதீங்க பாஸ். அச்சடித்த அட்டைக்கு உங்க செமஸ்டர் தெரியாது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து நாம் என்ன கதை சொல்கிறோம் என்பதில் நம்ம மனசு தெரிந்துவிடுகிறது. பிடித்த படம் என்றால் அதற்கும் சேர்த்து நாமே பேசிவிடுகிறோம். பிடிக்காத படத்திடம் அந்தப் பாச்சா பலிக்காது. எங்கேயாவது இரண்டு மூன்று கட்டு கையில் கிடைத்தால், முதலில் எதைத் தள்ளி வைக்கிறீங்களோ அதையே எடுத்துப் பாருங்க. அதே சீட்டை மற்ற கட்டுகளிலும் தேடி எடுத்து, பக்கத்துப் பக்கத்தில் வையுங்க. அர்த்தம் சொல்லும் புக்கைத் திறக்காதீங்க. என்ன இருக்கிறது என்று எண்ணுங்க, அது போதும்.

அக்கா ஃபைனல் இயர் முடித்துக் கிளம்பும்போது ஒரு கட்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார். ரைடர் கட்டைத்தான் கேட்பேன் என்று நினைத்தாராம். நான் தோத் கேட்டிருக்கிறேன்.

அரியர் எக்ஸாம் பக்கத்தில் வந்துவிட்டது. பாஸாவேனா, தெரியாது. ஆனால் ரிசல்ட் வந்த அன்றைக்கே, எட்டரைக்கு முன்னாடி, வீட்டுக்குப் போன் போகும்!