பரணில் கிடந்த பேஸ் கிட்டார்

நம் சங்க விழாக்களில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும்போது பாடகரைப் பார்ப்போம், கீபோர்டு வாசிப்பவரைப் பார்ப்போம். ஓரமாக, நான்கே நான்கு பருத்த கம்பிகள் உள்ள கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்பவரை யாரும் கவனிப்பதில்லை. அவர் நடுவில் நிறுத்தினால்தான் பாட்டுக்குக் கீழே இருந்த தரையே போய்விட்டது தெரியும். அதுதான் பேஸ் கிட்டார். இளையராஜா பாடல் ஒன்றை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், அடியில் தனியாக ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

ஆளுயரத்துக்கும் மேலான டபுள் பேஸ் என்ற வாத்தியம் செய்துவந்த வேலையை, தோளில் மாட்டும் மின் கிட்டாருக்குள் அடக்கி 1951-ல் சந்தைக்குக் கொண்டுவந்தார் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர். கம்பியின் நீளம் 34 அங்குலம். சாதாரண கிட்டாரின் கீழ் நான்கு கம்பிகளைவிட ஒரு ஸ்தாயி இறங்கி ஒலிக்கும். மிகப் பருத்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறைதான் அதிரும்.

இந்த வாத்தியம் எங்கள் எல்லைப் பக்கத்துப் பரண்களில் கிடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகாவும் அதிலுள்ள பாறசாலையும் கேரளத்தோடு நின்றன. எல்லைக்கோடு விழுந்தாலும் பாட்டுக்குக் கோடு விழவில்லை. திருவிழா மேடைகளில் கானமேளா என்றால் மலையாளப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் மாறி மாறி வரும். குழு என்று இருந்தால் அதில் பேஸ் வாசிக்க ஒருவர் இருந்தே ஆகவேண்டும். பிறகு கீபோர்டுக்காரரின் இடது கை அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அதன்பின் பதிவு செய்த டிராக்கே வந்துவிட்டது. பேஸ் வாசித்தவர்கள் கடை வைத்தார்கள், சிலர் வளைகுடாவுக்குப் போனார்கள். கிட்டார் பரணுக்குப் போயிற்று.

1991-க்கு முன் வெளிநாட்டு வாத்தியத்தை இறக்குமதி செய்வது லேசான காரியம் இல்லை. ஆகவே பழைய பேஸ் என்று இங்கே கையில் சிக்குவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று கிவ்சன் போன்ற கல்கத்தாத் தயாரிப்பு. மற்றது வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்த ஜப்பான் நகல். 1970-களில் ஜப்பானியர் அமெரிக்க கிட்டார்களை அச்சு அசலாக நகலெடுத்தார்கள். பெயர் உதிர்ந்திருந்தாலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து இரும்புத் தகட்டில் சில சமயம் ஜப்பான் முத்திரை இருக்கும். நான் பாறசாலைப் பக்கம் ஒரு பழைய கானமேளாக்காரரிடம் வாங்கியது அந்த ஜாதி.

வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். "மக்களே, கழுத்தப் பாரு, மத்ததெல்லாம் பொறவு" என்று விற்றவரே சொன்னார். நான்கு கம்பியும் சேர்ந்து எழுபது எண்பது கிலோ இழுவிசையில் கழுத்தை வளைக்கப் பார்க்கின்றன. அதை எதிர்க்கக் கழுத்துக்குள் டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி உண்டு. பருத்த கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். (வீணையில் மெட்டு என்கிறோமே, அதேதான்.) நடுவில் ஏழாவது, எட்டாவது மெட்டுப் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. அதிகமானால் ராடின் திருகை வலப்பக்கம் கால் சுற்று, அதற்குமேல் வேண்டாம். மறுநாள் பார்த்து மறுபடி கால் சுற்று. திருகு ஏற்கெனவே இறுகி நின்று, கழுத்தும் வளைந்திருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தாலும் அப்படியே. மற்ற எந்தப் பழுதும் பயப்படும்படியானதல்ல.

நான் வாங்கியதில் கழுத்து நேர். சத்தம்தான் இல்லை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவது பிக்கப். காந்தத்தைச் சுற்றித் தலைமுடி அளவே மெல்லிய தாமிரக் கம்பி பல ஆயிரம் சுற்று. மல்டிமீட்டரை வைத்தால் சில ஆயிரம் ஓம் காட்டவேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு உடனே ஓடாதீர்கள். மின்விசிறிக்குச் சுற்றும் கம்பி இதைவிடப் பருமன், அந்தக் கைக்கு இது அறுந்து அறுந்து போகும். முதலில் கம்பியின் வெளிமுனையைப் பாருங்கள். எங்கள் ஊர்க் கடல் காற்றுக்கும் இடவப்பாதி மழைக்கும் பற்றவைத்த முனையில் பச்சைக் களிம்பு ஏறி அறுவது சகஜம். இதிலும் அப்படித்தான். ஒரு சுற்றைப் பிரித்து, பூச்சைச் சுரண்டி மறுபடி பற்றவைத்தேன், உயிர் வந்துவிட்டது.

அடுத்தது இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 அதிர்வு. பருத்த கம்பியின் மூன்றாம் மெட்டில் வரும் சுரம் 49. அதாவது மின் இரைச்சல் பேஸின் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. சாதாரண கிட்டாரில் ஓரளவு சகித்துக்கொள்ளலாம், இதில் சுரத்தையே கெடுக்கும். உள்குழியில் தாமிரத் தாள் ஒட்டி அதை எர்த்தோடு இணைத்தேன். குதிரைக்குக் கீழே போகும் எர்த் ஒயர் அறுந்திருந்ததையும் சேர்த்தேன். கரகரத்த வால்யூம் கண்ட்ரோலுக்குக் காண்டாக்ட் கிளீனர் போதும், புதிதாக மாற்ற வேண்டியதில்லை.

விரல் பலகைக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் எங்கள் பக்கம் உண்டு, வேண்டாம். நாளானால் சிக்கு வாடையும் பிசுக்கும்தான் மிச்சம். மினரல் ஆயில் இரண்டு சொட்டுப் போதும். உலகமெங்கும் எத்தனையோ கிட்டார்களின் விரல் பலகை இந்திய ரோஸ்வுட். நம் மேற்குத்தொடர்ச்சி மலை ஈட்டி மரம்தான் அது. இங்கே வெட்டியது கடல் கடந்து போய், கிட்டாராகி, வளைகுடா வழியாகத் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் நான் துடைத்தேன். மெட்டுகளை மெல்லிய இரும்புக் கம்பளியால் தேய்க்கும்போது பிக்கப்பை டேப் ஒட்டி மூடுங்கள். இரும்புத் தூள் காந்தத்தில் பிடித்தால் போகாது.

பெயிண்ட் அடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் கருத்து, கூடாது. பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 1972-ல் திருட்டுப்போய், இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து அவருக்கே திரும்பிய செய்தி 2024-ல் வந்தது. அதைப் புதிதுபோல் மெருகேற்றினால் யார் மதிப்பார்கள்? நம் பரண் கிட்டாருக்கு அந்த விலை வராது. ஆனால் வலது மணிக்கட்டு உரசி உரசி வார்னிஷ் போன இடம் ஒருவர் இருபது வருஷம் மேடையில் நின்ற கணக்கு.

புதுக் கம்பி விலை அதிகம் என்று தோன்றினால், துருப்பிடிக்காத பழைய கம்பியைக் கழற்றி வெந்நீரில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்தி மாட்டலாம். அழுக்குப் போய்ச் சில வாரம் கணீரென்று பேசும். கடைசி வேலை குதிரையில். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய சுரம், திறந்த கம்பியின் சரியான மேல் ஸ்தாயியாக இருக்கவேண்டும். கூடினால் குதிரையின் சேணத்தைப் பின்னுக்கு நகர்த்துங்கள், குறைந்தால் முன்னுக்கு. ஸ்குரூ துருவில் இறுகியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு இரவு காத்திருங்கள். பலம் காட்டினால் தலை நசுங்கும்.