சிவப்புக் கோடு பொய் சொல்லும்போது

எருக்கலம்பிட்டியில் ஒரு வீடு கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் போகும் வீதிக்கு வடக்கே, கடலை ஒட்டிக் கிடக்கும் ஊர். 1990 ஒக்டோபரில் ஊரோடு வெளியேற்றப்பட்டு, புத்தளம் பக்கத்தில் வருடக்கணக்காக இருந்துவிட்டு, 2009இல் போர் முடிந்த பிறகு ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்து வீடு எழுப்பிய ஊர். அத்திவாரம் எப்போது, கூரை எப்போது, குடிபோவது எப்போது என்ற கணக்கு இங்கே பலருக்கும் அனுபவத்தில் தெரியும். அதே கணக்கைத்தான் பிரைமவேரா, மைக்ரோசொஃப்ட் புரொஜெக்ட் போன்ற திட்ட அட்டவணை மென்பொருள்கள் கணினியில் போடுகின்றன.

மைக்ரோசொஃப்ட் புரொஜெக்ட் அட்டவணை ஒன்றைத் திறந்தால் நீல நிறத்தில் பல பட்டைகள் தெரியும். ஒவ்வொரு பட்டையும் ஒரு வேலை. அவற்றில் சில மட்டும் சிவப்பாக இருக்கும். சிவப்பு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நிற்பதைத்தான் கட்டுமானத் தளங்களில் ‘கிரிட்டிக்கல் பாத்’ என்கிறார்கள். தமிழில் நெருக்கடிப் பாதை எனலாம். அந்தப் பாதையில் ஒரு வேலை ஒரு நாள் பிந்தினால் முழுத் திட்டமும் ஒரு நாள் பிந்தும். நீல வேலைகளுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சிவப்புக் கோடு பல நேரம் பாதியில் அறுந்து கிடக்கும். சில நேரம் தேவையில்லாத வேலையெல்லாம் சிவந்து நிற்கும். சில நேரம் சிவப்பே இருக்காது. அப்போது எங்கே பார்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கணக்கு நடக்கும் விதம்

நம் வீட்டுக்கு ஓர் எளிய பட்டியல் போடுவோம். அத்திவாரம் 10 நாள். சுவர் 15 நாள். கூரை 8 நாள். பூச்சு 12 நாள். நிலம் போட்டு, நிறம் பூசி முடிக்க 7 நாள். இவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டியவை. கூட்டினால் 52 நாள். கூரைக்கான மரம் வாங்கி அறுத்து எடுக்க 21 நாள். அதை முதல் நாளே தொடங்கலாம்.

மென்பொருள் முதலில் முன்னோக்கி நடக்கிறது. சுவர் 25ஆம் நாள் முடிகிறது, மரம் 21ஆம் நாள் தயார். கூரைக்கு இரண்டும் வேண்டும் என்பதால், பிந்தி வரும் 25ஐ எடுத்துக்கொள்கிறது. இப்படியே போய் 52இல் நிற்கிறது. பிறகு அங்கிருந்து பின்னோக்கி நடந்து, முடிவு நாள் கெடாமல் ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பிந்தி முடியலாம் என்று பார்க்கிறது. மரம் 25ஆம் நாள் வந்தாலும் போதும். ஆகவே மரத்துக்கு 4 நாள் தளர்வு. சுவருக்குத் தளர்வு இல்லை, அது சிவப்பு.

மரம் 6 நாள் பிந்தினால்? 27ஆம் நாள்தான் கூரை தொடங்கும், வீடு 54இல் முடியும். இப்போது மரம் சிவப்பு. அத்திவாரத்துக்கும் சுவருக்கும் 2 நாள் தளர்வு வந்துவிட்டது. எந்த வேலை பெரியது, எதற்குச் செலவு அதிகம் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. எது எதற்காகக் காத்திருக்கிறது என்பது மட்டும்தான் கணக்கு.

இந்த முறையை 1957 அளவில் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மோர்கன் வோக்கரும், ரெமிங்டன் ரான்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெலியும் உருவாக்கினார்கள். இரசாயனத் தொழிற்சாலைகளைக் கட்டவும், பழுதுபார்க்க நிறுத்திய ஆலையைச் சீக்கிரம் மறுபடி ஓட்டவும் அது தேவைப்பட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக ‘பேர்ட்’ என்ற இதையொத்த முறை ஒன்றைக் கொண்டுவந்தது. 1983இல் பிரைமவேரா நிறுவனம் தொடங்கியது. 2008இல் அதை ஒராக்கிள் வாங்கியது. கணினிகள் மாறிவிட்டன, முன்னே போய்ப் பின்னே வரும் அந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை.

முதல் பழுது: கட்டப்படாத நுனி

மேலே சொன்ன வீட்டில் ஒரு வேலை விடுபட்டிருக்கிறது. இந்திய அரசின் உதவியில் வடக்கு கிழக்கில் கட்டப்பட்ட வீடுகளுக்கு ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபாய் தவணை தவணையாக வங்கிக் கணக்கில் வந்தது. வீட்டுக்காரரே நின்று கட்டினார். தவணை முறையில் கட்டுகிறவருக்கு அடுத்த பணம் வரும்வரை அடுத்த கட்டம் இல்லை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே தவணை வர 10 நாள் என்று ஒரு வரி சேர்த்தால் வீடு 62 நாளுக்குப் போய்விடுகிறது. மரத்தின் தளர்வு 4இலிருந்து 14 ஆகிறது. மேசனையும் தச்சரையும் எவ்வளவு விரட்டினாலும் அந்த 10 நாள் குறையாது. குறைக்க வேண்டுமானால் அலுவலகத்தில் பத்திரம் கொடுக்கும் வேலையைத்தான் முந்திச் செய்ய வேண்டும்.

பட்டியலில் இல்லாத வேலை ஒரு பக்கம். பட்டியலில் இருந்தும் எதோடும் கட்டப்படாமல் தொங்கும் வேலை இன்னொரு பக்கம். மலகூடக் குழி வெட்டுவதற்குப் பின்வேலை எதையும் கொடுக்காவிட்டால், அது எவ்வளவு பிந்தினாலும் மென்பொருள் கவலைப்படாது; திட்டத்தின் கடைசி நாள்வரை தளர்வு இருப்பதாகக் காட்டும். முதல் வேலைக்கு முன்வேலையும், கடைசி வேலைக்குப் பின்வேலையும் இல்லாமல் இருக்கலாம். மற்ற ஒவ்வொன்றுக்கும் இரண்டும் வேண்டும். பிரைமவேராவில் அட்டவணையைக் கணக்கிட்டதும் ஒரு பதிவேடு தயாராகும். முன்வேலை இல்லாதவை, பின்வேலை இல்லாதவை என்று அதில் வரிசையாக இருக்கும். பழுது பார்க்க உட்காருகிறவர் முதலில் திறக்க வேண்டியது அதைத்தான்.

இரண்டாம் பழுது: கையால் அடித்த திகதி

மைக்ரோசொஃப்ட் புரொஜெக்டில் புதியவர்கள் தொடக்கத் திகதிப் பெட்டியில் நேரே ஒரு திகதியை அடித்துவிடுவார்கள். அது வெறும் குறிப்பு என்று அவர்கள் நினைப்பார்கள். மென்பொருளோ அதை “இந்த நாளுக்கு முன் தொடங்காதே” என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளும். கூரைக்கு மார்ச் 20 என்று அடித்துவிட்டு, சுவரை மார்ச் 12இலேயே முடித்தாலும் கூரை அசையாது. சுவருக்கும் அத்திவாரத்துக்கும் திடீரெனச் சில நாள் தளர்வு வந்துவிடும். சிவப்பு கூரையிலிருந்துதான் தொடங்கும். பாதையின் முன்பாதி காணாமற் போயிருந்தால், சிவப்பு தொடங்கும் இடத்தில் இப்படி ஒரு திகதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கு நேர்மாறானது, கடைசி வேலையில் “இந்த நாளுக்குள் முடிந்தே ஆக வேண்டும்” என்று பூட்டு போடுவது. 52 நாள் வேலைக்கு 45ஆம் நாள் பூட்டுப் போட்டால் தளர்வு மைனஸ் 7 என்று வரும். அந்த மரத்துக்கும் மைனஸ் 3. எல்லாம் சிவந்துவிடும். எல்லாம் சிவந்தால் எதைக் கவனிப்பது என்றே தெரியாது. பூட்டைக் கழற்றிக் கணக்கிட்டு, உண்மையான முடிவு நாளைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு எங்கே ஏழு நாள் மிச்சம் பிடிக்கலாம் என்று பேசுவதே நல்லது.

மூன்றாம் பழுது: நாட்காட்டி

எருக்கலம்பிட்டிக்கு வரும்போது இதுதான் பெரிய பாடம். மென்பொருள் தன்னுடன் கொண்டுவரும் நாட்காட்டி திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு எட்டு மணி நேரம். இந்த ஊரில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வேலை நிற்கும். நோன்பு மாதத்தில் மத்தியானத்துக்குப் பிறகு கடின வேலை ஓடாது. நோன்பு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முந்தி வருவதால், போன வருட நாட்காட்டியை அப்படியே நகலெடுக்க முடியாது. நாடு முழுவதும் மாதம் ஒரு போயா விடுமுறை வேறு.

ஆனால் சில வேலைகளுக்கு விடுமுறை இல்லை. கொங்கிறீட் போட்ட பிறகு அது இறுகுவது ஞாயிறும் நடக்கும், பெருநாளன்றும் நடக்கும். ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை ஐந்து நாள் வார நாட்காட்டியில் போட்டு, திங்களன்று தொடங்கினால், மென்பொருள் அடுத்த வாரச் செவ்வாய்வரை இழுத்து ஒன்பது நாள் ஆக்கிவிடும்.

சரி, கொங்கிறீட்டுக்கு ஏழு நாள் நாட்காட்டியும், மேசனுக்கு ஞாயிறு விடுமுறையோடு ஆறு நாள் நாட்காட்டியும் கொடுத்துவிட்டோம். இப்போது ஒரு வேடிக்கை நடக்கும். கொங்கிறீட் சனி மாலை தயாராகிறது. மேசன் திங்கள்தான் வருவார். கொங்கிறீட் ஞாயிறு மாலை தயாரானாலும் அவருக்கு ஒன்றுதான். ஆகவே மென்பொருள் கொங்கிறீட்டுக்கு ஒரு நாள் தளர்வு கொடுக்கிறது. தளர்வு சுழியம் என்றால்தான் சிவப்பு என்பது அதன் விதி. கொங்கிறீட் நீலமாகிவிடுகிறது, அதற்கு முந்திய வேலைகளும் நீலமாகலாம். பாதை நடுவில் அறுந்துபோனது போலத் தெரியும். கட்டு எதுவும் அவிழவில்லை. அளவுகோல் மட்டும் கடுமையாக இருக்கிறது. மைக்ரோசொஃப்ட் புரொஜெக்டில் அந்த அளவை ஒன்றிரண்டு நாளுக்கு உயர்த்தலாம். பிரைமவேராவில் தளர்வைப் பார்க்காமல், முடிவு நாளிலிருந்து பின்னோக்கி எந்த வேலை எதை உந்துகிறது என்று தொடரும் ‘நீண்ட பாதை’ முறைக்கு மாற்றலாம். பல நாட்காட்டி உள்ள திட்டத்துக்கு இரண்டாவதே பொருத்தம்.

காற்றுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. மன்னார் தீவின் தெற்குக் கரையில் 2020 டிசம்பர் 8 அன்று திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்டாஸ் நிறுவனத்தின் 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. அலகு ஒன்றின் சுழலி வட்டம் 126 மீட்டர் குறுக்களவு. இவ்வளவு பெரிய இறக்கையைக் கிரேனில் தூக்க வேண்டுமானால் காற்று அடங்கியிருக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் கரை இது. அந்தக் காற்றுக்காகத்தான் காற்றாலையே இங்கே வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் கிரேன் வேலைக்கு அலுவலக நாட்காட்டியைக் கொடுத்தால் அட்டவணை முதல் சோளகத்திலேயே பொய்யாகிவிடும். அத்திவாரக் குழுவுக்கு ஒன்று, தூக்கும் குழுவுக்கு ஒன்று, மின்கம்பி இழுப்பவர்களுக்கு ஒன்று என்று நாட்காட்டிகள் பிரிய வேண்டும்.

நான்காம் பழுது: வேலை தொடங்கிய பிறகு

அட்டவணை எழுதும்போது சரியாக இருந்த பாதை, வேலை ஓடத் தொடங்கியதும் குழம்பும். முன் அறையில் ஓடு போட்டாயிற்று, பின் அறையில் இன்னும் இல்லை; மேசன் சும்மா இருக்காமல் முன் அறையில் பூச்சைத் தொடங்கிவிடுகிறார். கூரை முடிந்தால்தான் பூச்சு என்று கணினியிடம் சொல்லி வைத்திருக்கிறோம். இப்போது அது இரண்டில் ஒன்றைச் செய்யும்: மிச்சப் பூச்சைக் கூரை முடியும்வரை நிறுத்தி வைக்கும், அல்லது கட்டையே மறந்து பூச்சை ஓடவிடும். எந்த அமைப்பில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு நாளே மாறும். இரண்டும் தளத்தில் நடப்பது இல்லை. கூரையையும் பூச்சையும் அறை அறையாகப் பிரித்து எழுதுவதே சரி.

இன்னொன்று, இன்றைய நிலை எந்த நாள்வரை என்று சொல்லாமல் விடுவது. முடியாத வேலை போன வாரத்திலேயே கிடந்தால், மென்பொருள் அதை அங்கேயே முடிந்துவிடும் என்று எண்ணிக் கணக்குப் போடக்கூடும். போன வாரத்தில் யாராலும் வேலை செய்ய முடியாது.

பாதை உயிரோடு இருக்கிறதா?

இவ்வளவையும் பார்த்த பிறகு ஒரு சோதனை. சிவப்பில் உள்ள ஒரு வேலையின் நாட்களை அசாதாரணமாகக் கூட்டுங்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்த மேலாண்மை முகவரகம் வைத்திருக்கும் 14 அம்சச் சோதனையில் இதற்கு 600 நாள் கூட்டச் சொல்கிறார்கள். முடிவு நாளும் ஏறக்குறைய அவ்வளவு தள்ளினால் பாதை தொடர்ந்து இருக்கிறது. அசையாவிட்டால் நடுவில் எங்கோ கட்டு அறுந்திருக்கிறது, அல்லது ஒரு திகதிப் பூட்டு தடுக்கிறது. சோதித்த பின் பழைய எண்ணைத் திருப்பி வைக்க மறக்க வேண்டாம்.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க, கடைசி வேலையில் நின்று, “நீ ஏன் இந்த நாளில் தொடங்குகிறாய்?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பின்னால் போங்கள். ஒவ்வொரு பதிலும் ஒரு முன்வேலையின் பெயராக இருக்க வேண்டும். ஒரு திகதியோ, ஒரு விடுமுறையோ பதிலாக வந்தால் அங்கே நின்று பாருங்கள். மைக்ரோசொஃப்ட் புரொஜெக்ட் 2013இலிருந்து, உந்தும் முன்வேலைகளை நிறம் தீட்டிக் காட்டும் வசதியும் இருக்கிறது.

அக்கரையில் ஒரு பாடம்

சரியான பாதையும் நிலையானதல்ல. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் மன்னாரையும் அடித்தது. அக்கரையில் பாம்பன் ரயில் பாலத்தின் இரும்புத் தூலங்களில் பெரும்பகுதி கடலில் போய்விட்டது. அதைச் சீர்செய்ய ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பேற்ற இளம் பொறியியலாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார்.

ஆறு மாதம் என்ற கணக்கில் பாதையைத் தீர்மானித்தது மாற்றுத் தூலங்கள் வந்து சேரும் நாள். ஆனால் விழுந்த தூலங்கள் கடலடியில் கிடப்பதை மீனவர் வழியாக அறிந்ததும், அவற்றை மீட்டுத் திரும்ப நிறுத்த முடிந்தது. தூலத்துக்காகக் காத்திருப்பது சிவப்பிலிருந்து இறங்கியது. தூக்கி நிறுத்தும் வேலை சிவப்புக்கு ஏறியது. ஸ்ரீதரனிடம் கணினி இல்லை. எந்த வேலை மற்றவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை அறிந்து, அந்த ஒன்றை மாற்ற வழி தேடியதுதான் நடந்தது. அந்த வழியைக் காட்டியது கடலை அறிந்தவர்.

மென்பொருளால் முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை அமைக்க இருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. மின்சார விலை பற்றிய பேரம், வலசைப் பறவைகள் பற்றிய வழக்குகள் ஆகியவை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தன. திட்டம் நடந்தே தீரும் என்ற எடுகோளில்தான் சிவப்புக் கோடு வரையப்படுகிறது. ஊர் சம்மதம், நீதிமன்றம், விலை ஒப்பந்தம் ஆகியவற்றை முன்வேலைகளாக எழுதாத அட்டவணையில் அவை ஒரு நாளைக்கூடப் பிடிக்காது.

ஆகவே அட்டவணை தயாரிக்கிறவருக்கு ஒரு யோசனை. சிவப்பு வேலைகளை மட்டும் ஒரு தாளில் அச்செடுத்து, மேசனிடமும் தச்சரிடமும் கிரேன் ஓட்டுநரிடமும் வரிசையாக வாசித்துக் காட்டுங்கள். “மரம் வந்தாலும் ஆணி வரவேண்டுமே”, “அந்த மாதம் நோன்பு அல்லவா”, “சோளகத்தில் அதைத் தூக்க ஏலாது” என்று அவர்கள் சொல்வதை ஒவ்வொரு வரியாகச் சேர்த்துவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். முடிவு நாள் பெரும்பாலும் தள்ளித்தான் போகும். அதைத் திட்டம் தொடங்கும் முன்பே அறிந்துகொள்வதற்குத்தான் இந்த மென்பொருளுக்குக் காசு கொடுக்கிறோம்.