இன்ஜினைப் பிரிக்கும் முன் இவற்றைப் பாருங்கள்

வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையில், ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள ஊர் சந்தவாசல். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு இங்கிருந்துதான் திரும்ப வேண்டும். ஆடி மாதத்தில் அம்மனைத் தரிசிக்க மக்கள் திரளும்போது இப்பகுதிக் கடைகளில் வியாபாரம் சூடுபிடிக்கும். அந்த நேரம் பார்த்துச் சரக்கு வண்டி படுத்துவிட்டால் வணிகரின் நிலை என்ன?

இவ்வூர் மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு ஓர் ஆடித் தொடக்கத்தில் அப்படித்தான் நேர்ந்தது. வேலூரில் அரிசி, எண்ணெய் ஏற்றி வந்த அவரது பழைய பிக்கப் வண்டி இழுவை குறைந்து கரும்புகை கக்கியது. "ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்க வேண்டும், 50,000 ரூபாய்க்குக் குறையாது" என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். நண்பர் நகையை அடகு வைக்கவே துணிந்துவிட்டார். அதற்குமுன் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கிடம் காட்டுவோம் என்று நாம் அழைத்துச் சென்றோம். அவர் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். கொட்டிய தூசியைப் பார்த்து, "இன்ஜினைத் தொடாதீங்க முதலாளி, இது மூச்சுவிட முடியாம தவிக்குது" என்றார். புதிய ஃபில்டர் போட்டதும் வண்டி அன்று மாலையே சரக்கு ஏற்றியது.

டாடா 207 முதல், 2005-ல் வந்து 'குட்டி யானை' என்று பெயர் பெற்ற டாடா ஏஸ் வரை, வயதான வண்டிகளை நம்பியே நம்மில் பலர் தொழில் செய்கிறோம். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகளில் கருவியைப் பொருத்திக் கோளாறைப் படிக்கலாம். பழைய டீசல் வண்டிகளில் நமது கண்ணும் காதும்தான் கருவி.

புகையின் நிறம்: கரும்புகை என்றால் டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. ஏர் ஃபில்டர், நாசில், அளவுக்கு மீறிய பாரம் ஆகியவற்றைப் பாருங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங், வால்வு சீல் ஆகியவற்றில் ஐயம் கொள்ளலாம். காலையில் சிறிது நேரம் வெண்புகை வந்து நின்றால் கவலையில்லை. சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும்.

டீசல் வரும் வழி: இரவு நிறுத்திய வண்டி காலையில் எளிதில் பிடிக்காமல், கைப்பம்பு அடித்தால் பிடித்து மீண்டும் நின்றுவிடுகிறதா? டேங்கிலிருந்து பம்பு வரையுள்ள ஏதோ ஒரு இணைப்பில் காற்று இழுக்கிறது. சிறு வாஷர் கூடக் காரணமாக இருக்கும். கேனில் வாங்கி ஊற்றும் டீசலில் தண்ணீரும் கசடும் சேரும் என்பதால் டீசல் ஃபில்டரையும் பாருங்கள்.

சூடு: சாமை, புளி ஏற்ற ஜமுனாமரத்தூர் வரை மலையேறும் வண்டிகளுக்கு இது முக்கியம். தண்ணீர் அளவு, ஃபேன் பெல்ட்டின் இறுக்கம், ரேடியேட்டரில் அடைந்த மண் ஆகியவற்றைக் கிளம்பும் முன்பே கவனியுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. முள் ஏறினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். "இன்னும் ஒரு வளைவுதானே" என்று ஓட்டினால் ஹெட்டே வளைந்துவிடும்.

வீண்பழி: இன்ஜின் சத்தம் ஏறியும் வண்டி நகரத் தயங்கினால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். ஓடி நின்றதும் ஒரு சக்கரத்தருகே மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் இன்ஜின் குற்றவாளி அல்ல.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் கோளாறு தீரவில்லை என்றால், இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறந்து பாருங்கள். புகை வேகமாகப் பீறிட்டால் 'பேக் கம்ப்ரஷன்' அடிக்கிறது என்று பொருள். ஆயில் குச்சியில் பால்போல் வெளுத்த ஆயில் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, வண்டியை எடுக்கவே கூடாது. அப்போதும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். அளவுகள் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். பிரித்தாக வேண்டும் என்றால் செலவை எழுதி வாங்குங்கள், மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டுப் பெறுங்கள்.

கடையில் பேரேடு வைத்திருக்கும் நாம் வண்டிக்கும் ஒரு நோட்டு வைக்கலாம். கோளாறு எப்போது வந்தது, பாரம் இருந்ததா, மேட்டிலா சமதரையிலா, புகை என்ன நிறம் என்று நான்கு வரி எழுதிக் காட்டினால் நல்ல மெக்கானிக்கிற்குப் பாதி வேலை முடிந்துவிடும். வண்டி கெட்டால் நம் பணம் மட்டுமா போகிறது? நாளை சரக்கு வரும் என்று வாடிக்கையாளருக்கு நாம் கொடுத்த வாக்கும் அல்லவா போகிறது!